கோட்டும் தொப்பியும் போதாது

ரிஷார் பெரி இயக்கி 2010இல் வெளிவந்த ‘லிம்மோர்தெல்’ படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். மார்செய் பழைய துறைமுகத்தின் நிலத்தடி கார் நிறுத்தத்தில் 22 குண்டுகள் பாய்ந்தும் சாகாமல், தன்னைச் சுட்டவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பழிதீர்க்கும் சார்லி மத்தேயியாக ழான் ரெனோ நடித்திருக்கிறார். ‘லெயோன்’ பார்த்த நாளிலிருந்து ரெனோவை நேசிப்பவர்களுக்கு அவருடைய சோர்ந்த கண்களும் கனத்த தோள்களுமே போதுமாக இருந்தன. விமர்சகர்களில் பலர், லுக் பெசோனின் தயாரிப்புக் கூடத்திலிருந்து இறங்கிய இன்னொரு அமெரிக்க நகல் என்று ஒதுக்கிவிட்டார்கள். ரசித்தவர்களும் ஒதுக்கியவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: உண்மையான பிரெஞ்சு கேங்ஸ்டர் படம் என்றால் அது ழான்-பியர் மெல்வில், 1973இல் அவர் இறந்ததோடு அந்த மரபு தீர்ந்தது, பிறகு வந்தவையெல்லாம் ஹாலிவுட்டின் எச்சம். சினிமாப் பேச்சில் யாரும் கேள்வி கேட்காமல் புழங்கும் இந்தக் கருத்து தவறு என்றே நான் நினைக்கிறேன்.

முன்கதையை வேகமாகக் கடந்துவிடலாம். துவிவியேயின் ‘பெப்பே லெ மோகோ’ (1937) அல்ஜியர்ஸின் காஸ்பாவுக்குள் ழான் கபினை அடைத்துவைத்து, காதலால் அழியும் திருடனைத் திரைக்குத் தந்தது. போர் முடிந்த 1945இல் கலிமார் பதிப்பகம் தொடங்கிய ‘செரி நுவார்’ நாவல் வரிசை முதலில் அமெரிக்கக் குற்றநாவல்களை மொழிபெயர்த்துத் தள்ளியது. விரைவிலேயே அல்பேர் சிமொனான், ஓகுஸ்த் லெ ப்ரெத்தோன், ழோசே ஜொவானி ஆகியோர் அதே வரிசையில் பாரிஸ் நிழலுலகத்தின் பேச்சுமொழியை அச்சேற்றினார்கள். ஐம்பதுகளின் படங்கள் பெரும்பாலும் இந்தப் புத்தகங்களிலிருந்து கிளைத்தவை.

சிமொனானின் நாவலை வைத்து ழாக் பெக்கர் எடுத்த ‘துஷே பா ஓ கிரிஸ்பி’ (1954) வயதான இரண்டு திருடர்களின் கதை. ஓர்லி விமான நிலையத்தில் கொள்ளையடித்த தங்கக் கட்டிகளோடு ஓய்வுபெற நினைக்கிறார்கள். எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் காட்சியில் துப்பாக்கியே கிடையாது. கபின் தன் நண்பன் ரித்தோனை மறைவான வீட்டுக்கு அழைத்துவந்து, மொறுமொறு ரொட்டியில் இறைச்சி விழுது தடவிக் கொடுத்து, மது ஊற்றி, பைஜாமா எடுத்துக் கொடுக்கிறார். இருவரும் பல் துலக்கிவிட்டுப் படுக்கப் போகிறார்கள். உன் முகத்தைப் பார், நமக்கு வயதாகிவிட்டது என்று நண்பனிடம் சொல்வதற்காகவே இத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறார் பெக்கர். பிறகு அந்த அசட்டு நண்பனை மீட்பதற்காக கபின் தங்கம் முழுவதையும் பணயம் வைக்கிறார்; தங்கமும் போகிறது, நண்பனும் போகிறான். மல்யுத்த வீரராக இருந்த லினோ வெந்துரா இதில்தான் முதன்முதலாகத் திரையில் தோன்றினார்.

அடுத்த ஆண்டு, மெக்கார்த்தி காலக் கருப்புப் பட்டியலால் அமெரிக்காவில் வேலையிழந்து வந்த ழூல்ஸ் தாசின் ‘ரிஃபிஃபி’யை எடுத்தார். பேச்சும் இசையும் இல்லாமல் ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும் அதன் கொள்ளைக் காட்சியைத் தலைமுறை தலைமுறையாகப் பாராட்டிவருகிறோம். பாராட்டுக்குத் தகுந்த காட்சிதான். ஆனால் கொள்ளையர்களில் ஒருவனான தோனி குண்டடிபட்டு, மீட்ட குழந்தையைத் தாயிடம் சேர்ப்பதற்காக ரத்தம் ஒழுக ஒழுக காரோட்டும் கடைசி நிமிடங்களில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. பின்சீட்டில் அந்தப் பையன் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருக்கிறான்.

மெல்வில்லின் மேதைமையை நான் மறுக்கவில்லை. ‘லு தூசியெம் சூஃப்ள்’ (1966), ‘லு சாமுராய்’ (1967), ‘லு செர்க்கிள் ரூழ்’ (1970) மூன்றும் கறாரான, பளபளப்பான, மனத்தை ஆளும் படங்கள். ஆனால் அவர் கேங்ஸ்டரை மனித உறவுகளிலிருந்து படிப்படியாகக் கத்தரித்தெடுத்தார். ‘லு சாமுராய்’ தொடக்கத்தில் வரும் புஷிடோ மேற்கோள்கூட அவரே புனைந்தது. அங்கே நாயகனுக்குப் பிள்ளை கிடையாது, முதுமை கிடையாது. அறையில் ஒரு பறவைக்கூண்டு, தலையில் ஒரு தொப்பி. உலகெங்கும் இயக்குநர்கள் இதைத்தான் நகலெடுத்தார்கள், காரணம் இதுதான் நகலெடுக்க எளிது. பல் துலக்கும் கபினை யாராலும் நகலெடுக்க முடியவில்லை.

இனி நான் வாதாட விரும்பும் படத்துக்கு வருகிறேன். 1960ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாரிஸ் திரையரங்குகளில் மூன்று படங்கள் அடுத்தடுத்து வந்தன: கோதாரின் ‘அ பூ த சூஃப்ள்’, சில வாரங்களுக்கு முன்புதான் இறந்துபோன பெக்கரின் கடைசிப் படமான ‘லு த்ரூ’, க்ளோத் சோத்தேயின் ‘கிளாஸ் து ரிஸ்க்’. முதல் படத்திலும் மூன்றாவது படத்திலும் பெல்மொந்தோ நடித்திருந்தார். இரண்டாவதும் மூன்றாவதும் ஜொவானியின் நாவல்களிலிருந்து பிறந்தவை. கோதார் வரலாறானார். சோத்தேயைப் பழைய பாணிக்காரர் என்று அன்றைய பார்வையாளர்கள் கடந்துபோனார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அவர் இயக்கியது ஒரே ஒரு படம்.

‘கிளாஸ் து ரிஸ்க்’ மிலானில் தொடங்குகிறது. பிரான்சில் மரண தண்டனை காத்திருக்கும் ஆபெல் தாவோஸ், மனைவியோடும் இரண்டு சிறுவர்களோடும் இத்தாலியில் தலைமறைவாக இருக்கிறான். கைச்செலவுக்காகக் கூட்டாளி ஒருவனோடு பட்டப்பகலில் நடுத்தெருவில் ஒரு வழிப்பறி. பிறகு படகேறி இரவில் பிரெஞ்சுக் கடற்கரையில் இறங்குகிறார்கள். அங்கே எதிர்பாராமல் வரும் காவலர்களோடு நடக்கும் துப்பாக்கிச் சண்டையில் மனைவியும் கூட்டாளியும் சாகிறார்கள். சண்டை முடிந்து எஞ்சுவது ஒரு கொலைகாரனும் தாயில்லாத இரண்டு பிள்ளைகளும். அடையாளம் தெரிந்துவிடக் கூடாதென்று பிள்ளைகளைச் சில அடி தள்ளி, தெரியாதவர்களைப் போலப் பின்னால் நடந்துவரச் சொல்கிறான் தகப்பன். மெல்வில்லின் எந்தச் சடங்கும் எனக்குத் தராத வலி அந்த இடைவெளியில் இருக்கிறது.

நைஸிலிருந்து பாரிஸுக்குப் போன் செய்கிறான். அவனால் பிழைத்தவர்கள், அவனால் பணம் பார்த்தவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். ஒருவனும் வரவில்லை. ஆம்புலன்ஸ் வண்டி ஒன்றை வாங்கி, ஸ்டார்க் என்ற முன்பின் தெரியாத இளைஞனிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். பெல்மொந்தோ நடித்த அந்த அந்நியன்தான் படத்தில் யோக்கியன். துரோகம் என்றால் முதுகில் சுடுவது என்றே கேங்ஸ்டர் படங்கள் நமக்குக் கற்றுத்தந்திருக்கின்றன. இங்கே துரோகிகளுக்குக் கடையும் குடும்பமும் இருக்கிறது, மனைவிக்குப் பயம், தங்களுக்கு வசதிப்படவில்லை, அவ்வளவுதான். ஆபெல் பழிவாங்கத்தான் செய்கிறான். ஆனால் அதில் அவனுக்கு எந்த நிறைவும் கிடைப்பதில்லை. அவன் கூட்டத்தில் நடந்து மறைய, கைதும் விசாரணையும் மரண தண்டனையும் ஒரு குரல் வழியாகச் சில வாக்கியங்களில் முடிந்துவிடுகின்றன. பழிவாங்கும் படத்தின் முடிவைப் பார்வையாளனிடமிருந்து இவ்வளவு துணிச்சலாகப் பறித்த இயக்குநர்கள் மிகச் சிலரே.

பிற்காலத்தில் இயக்குநர் பெர்த்ரான் தவெர்னியே போன்றவர்கள் விடாமல் வாதாடியதால் படம் மெல்ல மேலெழுந்தது. 2005இல் அமெரிக்காவில் மறுபடி திரைக்கு வந்தபோது பாராட்டுகள் குவிந்தன. இன்னொரு செய்தியும் சேர்ந்தே வெளிவந்திருந்தது. ஆபெலுக்கு மூலமான ஆபெல் தானோஸ், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பிரெஞ்சு கெஸ்டபோவுக்காக வேலை செய்தவன். 1952இல் மரண தண்டனையாகச் சுட்டுக்கொல்லப்பட்டவன். அவனைச் சிறையில் அறிந்திருந்த ஜொவானி அந்தப் பகுதியை நாவலிலிருந்து நீக்கிவிட்டார். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டு வெளியே வந்த ஜொவானிக்கும் அத்தகைய கடந்தகாலம் உண்டு என்பதை 1993இல் சுவிஸ் பத்திரிகைகள் வெளியிட்டன. திருடர்களுக்குள் தர்மம், வாக்குத் தவறாமை, நட்புக்காக உயிர்விடுதல் என்று இந்த வகைப் படங்கள் கொண்டாடும் நெறிமுறையின் ஊற்றில் இப்படி ஒரு கறை இருக்கிறது. மெல்வில்லின் படங்களில் அந்த நெறி கேள்வியின்றி ஒளிர்கிறது. சோத்தேயின் படத்தில் அது உடைந்து நொறுங்குகிறது. நாவலாசிரியர் மறைத்ததை அறியாமலேயே அதன் பொய்மையைத் தொட்டுவிட்டார் இயக்குநர்.

எழுபதுகளை ஒட்டி வந்த படங்களை விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கபின், வெந்துரா, தெலோன் மூவரையும் ஒரே சட்டகத்தில் நிறுத்திய வெர்னெயின் ‘லு க்ளான் தெ சிசிலியன்’ (1969), தெலோனையும் பெல்மொந்தோவையும் முப்பதுகளின் மார்செய்யில் உலவவிட்ட தெரேயின் ‘போர்சலினோ’ (1970) இரண்டும் கூட்டத்தை இழுத்த, கண்ணுக்கினிய, உள்ளீடற்ற நட்சத்திரத் திருவிழாக்கள். 2007இல் ஆலன் கொர்னோ ‘லு தூசியெம் சூஃப்ள்’ கதையை மறுபடி எடுத்தபோது கோட்டும் தொப்பியும் மட்டும் உயிரோடிருந்தன. மெல்வில் வழிபாடு கொண்டுபோய் நிறுத்தும் முட்டுச்சந்து அது. ‘லிம்மோர்தெல்’ வருவதற்கு முந்தைய ஆண்டு கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி வென்ற ழாக் ஓதியாரின் ‘அன் ப்ரோஃபெத்’ வேறு திசையைக் காட்டியது. எழுதப் படிக்கத் தெரியாமல் சிறைக்குள் நுழையும் மாலிக், கொல்லவும் படிக்கவும் அங்கேயே கற்றுக்கொள்கிறான்; வெளியே வரும்போது இறந்த நண்பனின் மனைவியோடும் குழந்தையோடும் நடக்கிறான், கூலிப்படையின் வண்டிகள் பின்தொடர்கின்றன. பெக்கரும் சோத்தேயும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் படம் இது.

‘லிம்மோர்தெல்’ இந்த வரிசையில் வைத்துப் பார்க்கப்பட வேண்டியது. ஃப்ரான்ஸ்-ஒலிவியே ஜீஸ்பெரின் நாவலுக்கும் படத்துக்கும் பின்னால் உண்மையில் நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது: 1977இல் மார்செய்க்கு அருகே கஸ்ஸிஸில் சுடப்பட்டு, 22 குண்டுகளைத் தாங்கி, வலது கை செயலிழந்து பிழைத்த ழாக்கி இம்பேர். திரையில் மத்தேயி மூன்று ஆண்டுகளாகத் தொழிலை விட்டு, மனைவி மக்களோடு ஒதுங்கி வாழ்பவன். அவனைக் கொல்லச் சொன்னது சிறுவயது நண்பன் ஸக்கியா. அந்த வேடத்துக்கு, ‘பியன்வெனு ஷே லெ ஷ்தி’ நகைச்சுவையால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நாட்டையே சிரிக்கவைத்திருந்த கத் மெராத்தைத் தேர்ந்தெடுத்தது பெரியின் நல்ல முடிவு. தமக்குப் பிடித்த முகமே நஞ்சாக மாறுவதைப் பிரெஞ்சுப் பார்வையாளர்கள் பார்த்தார்கள். பயனற்றுப்போன கையோடு ரெனோ தடுமாறும் காட்சிகளும், மகனுக்காக முள்கம்பிக்கடியில் அவர் ஊர்ந்துபோகும் காட்சியும் பிரெஞ்சு மண்ணில் முளைத்தவை. அவற்றை ஹாலிவுட் நகல் என்பவர்கள் ‘ரிஃபிஃபி’யின் கடைசி காரோட்டத்தை மறந்தவர்கள்.

படம் சறுக்கும் இடம் வேறு. போதைப்பொருள் விற்க மறுத்தவன் மத்தேயி, விற்றவன் ஸக்கியா. ஆகவே ஒருவன் நல்ல கொலைகாரன், மற்றவன் கெட்ட கொலைகாரன் என்று பெரி கணக்கை நேர் செய்துவிடுகிறார். ஜொவானி எழுதிய அதே நெறிமுறை, கறை துடைக்கப்பட்டு மறுபடி வருகிறது. ஒவ்வொரு சாவுக்கும் ஓபராக் குரல் உயர்கிறது, பார்வையாளன் எண்ணிக்கை வைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குக் காத்திருக்கிறான். சோத்தே அந்தக் காத்திருப்பை அனுமதித்திருக்க மாட்டார். ரிஷார் பெரியின் படத்தைக் குறை சொல்பவர்கள் மெல்வில்லை அளவுகோலாக எடுப்பதை நிறுத்திவிட்டு, ஆபெல் தாவோஸின் இரண்டு பிள்ளைகளுக்குக் கிடைத்த கவனம் மத்தேயியின் பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கட்டும்.