தன் முகத்தைத் தானே சொல்வது

மகள் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஜெர்மன் நாவலை "அப்பா, இதை நீங்கள் வாசிக்க வேணும்" என்று தந்தாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆர்.ஜே. பலாசியோ 2012இல் ஆங்கிலத்தில் எழுதிய 'வொண்டர்' நாவலின் மொழிபெயர்ப்பு அது. முகம் வேறுபட்டுப் பிறந்த ஆகஸ்ட் என்ற சிறுவன் பத்து வயதில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகும் கதை. நான் மேலுதடு பிளந்து பிறந்தவன். தைத்த தழும்பும் சற்றுச் சரிந்த மூக்கும் இன்றும் இருக்கின்றன.

என் முகத்தின் முதல் கதையை ஊர்தான் சொன்னது. கிரகண நேரத்தில் அம்மா கத்தி பிடித்தாவாம், அதுதான் காரணமாம். முதுகலை படிக்க சூரிச் வந்த பிறகு கேள்வி மாறியது: "விபத்தா?" நான் "ஓம்" என்றுவிடுவேன். விபத்து சுருக்கமான கதை.

நாவலில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. ஆகஸ்ட் தன் முகம் எப்படி இருக்கும் என்று தொடக்கத்தில் வாசகருக்குச் சொல்ல மறுக்கிறான். பிறகு அதை விவரிப்பவள் அவனுடைய அக்கா. ஐஸ்கிரீம் கடை வாசலில் முகம் வேறுபட்ட ஒரு குழந்தையைக் கண்டு தன் பிள்ளைகளோடு அவசரமாக விலகிப் போன அனுபவமே இந்நாவலின் தொடக்கம் என்று பலாசியோ சொல்லியிருக்கிறார். ஆகவே இது பார்ப்பவரின் புத்தகம். பார்ப்பவருக்கு நல்ல பாடம். ஆனால் முடிவில் ஆகஸ்டுக்குப் பதக்கமும் எழுந்து நின்ற கைதட்டலும் கிடைக்கின்றன. பதக்கம் வாங்காத பிள்ளை என்ன செய்வது?

இதற்கு ஒரு பதில் சுவிசிலேயே இருக்கிறது. புர்கினா பாசோவில் பிறந்த ஃபிடல் ஸ்ட்ரப் சிறுவயதில் நோமா நோயால் முகத்தின் ஒரு பகுதியை இழந்தவர். ஈறுப் புண்ணாகத் தொடங்கி முகத் தசையையும் எலும்பையும் அரிக்கும் நோய் அது. ஊட்டமில்லாத வறிய குழந்தைகளையே பெரும்பாலும் தாக்குகிறது. நன்கொடை கேட்கும் சுவரொட்டிகளில் இக்குழந்தைகளின் முகங்கள் பேசாமல் இருந்தன. ஸ்ட்ரப்பும் நைஜீரியாவின் முலிகட் ஒகன்லவானும் தப்பியவர்களுக்கென 'எலிசியம்' என்ற அமைப்பைத் தொடங்கித் தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள். 2023 டிசம்பரில் ஜெனீவாவின் உலக சுகாதார நிறுவனம் நோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு வழிவகுத்த குரல்களில் இவர்களுடையவையும் உண்டு.

தமிழில் இதற்கு மிகப் பழைய முன்னோடி காரைக்கால் அம்மையார். கணவன் விலகியதால் அழகை உதறிப் பேயுரு வேண்டிய பெண்ணாக அவரை நாம் அறிவது சேக்கிழார் வழியாக. அது பல நூற்றாண்டுகள் கழித்து, 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கதை. அம்மையாரின் சொந்தப் பாடல்களில் கணவனும் இல்லை, மாம்பழமும் இல்லை. திருவாலங்காட்டுப் பதிகங்களில் வற்றிய உடலும் குழிந்த வயிறுமாகச் சுடுகாட்டுப் பெண்பேயை விவரிக்கிறார். கடைசியில் நெருப்பு வாயும் கோரைப் பல்லும் கொண்ட காரைக்கால் பேய் என்று தன்னையே பெயர் சொல்லி முடிக்கிறார். காரணமோ இரக்கமோ அவர் கேட்கவில்லை. சேக்கிழாருக்குத்தான் காரணம் தேவைப்பட்டது, ஊருக்குக் கிரகணம் தேவைப்பட்டது போல.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது மகளிடம் என் உதட்டின் கதையை முதன்முறையாக நானே சொன்னேன், கிரகணத்தையும் சேர்த்து. அவள் என் தழும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அது உங்களாலை இல்லையெண்டு அப்பம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா?" என்றாள்.

அம்மாவோடு ஞாயிறுதோறும் பேசுகிறேன். நாற்பது வருடங்களில் நான் அதைச் சொன்னதில்லை.