‘எது குறைவோ அது’: அனர்த்த மானிய விதிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விமர்சனம் என்றதும் கவிதை, நாவல், நாடகம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அரசாங்கம் வெளியிடும் சுற்றுநிருபமும், அலுவலகம் நீட்டும் விண்ணப்பப்படிவமும் விமர்சகனின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்றே கருதப்பட்டு வந்துள்ளன. ஆயினும், சாதாரண மக்கள் தம் வாழ்நாளில் மிகுந்த அச்சத்தோடும் எதிர்பார்ப்போடும் வாசிக்கும் எழுத்து இவ்வகை எழுத்தே என்பது மனங்கொள்ளத்தக்கது. இலக்கியப் படைப்பொன்றை அணுகும்போது நாம் எழுப்பும் வினாக்கள் சில உள. இங்கு பேசுபவர் யார்? யாரை நோக்கிப் பேசப்படுகின்றது? சொல்லப்படாமல் விடப்பட்டது யாது? இவ்வினாக்களை ஓர் அரசாங்க விதியின் மீது எழுப்பினால் கிடைக்கும் விடை என்னவாக இருக்கும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கென எடுத்துக்கொள்ளப்படுவது, ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கத்ரீனா சூறாவளிக்குப் பின்னர் சமஷ்டி அரசாங்கத்தின் மானியப் பணம் நிருவகிக்கப்பட்ட முறை.

1

2005 ஆகஸ்ட் 29 ஆம் நாள் கத்ரீனா கரையைக் கடந்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ எண்பது வீதமான பகுதி நீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்நிகழ்வு பற்றிக் கலையுலகம் மௌனமாக இருக்கவில்லை. ஸ்பைக் லீ 2006 இல் ‘வென் த லெவீஸ் புரோக்’ என்ற நான்கு அங்க ஆவணப்படத்தை வெளியிட்டார். 2010 இல் அதன் தொடர்ச்சியையும் தந்தார். கூரைகளின் மீது நின்று கையசைத்த மனிதரை உலகம் கண்டது; கண்ணீர் சிந்தியது.

ஆனால் வெள்ளம் வடிய எடுத்தது சில வாரங்களே. அதன்பின் தொடங்கிய கோப்புகளின் காலம் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. படிவத்தை நிரப்பும் கையைப் படம்பிடிப்பதில் கமராவுக்குக் கவர்ச்சி எதுவும் இல்லை. எனவேதான் இவ்விரண்டாவது அனர்த்தம் முதலாவதைப் போல உலகின் கண்ணில் படவில்லை. கமரா சென்று நிலைக்காத இடத்துக்கு விமர்சனமாவது செல்லவேண்டியுள்ளது.

அமெரிக்காவில் அனர்த்த நிவாரணத்துக்கு அடிப்படையாக விளங்குவது 1988 ஆம் ஆண்டின் ஸ்டஃபர்ட் சட்டம். ஜனாதிபதி பேரனர்த்தப் பிரகடனம் செய்ததும், ‘ஃபீமா’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சமஷ்டி அவசரகால முகாமை முகவரகம், மாநில அரசாங்கத்தின் ஊடாக உள்ளூராட்சி மன்றங்களுக்குப் பணம் வழங்குகின்றது. பொதுக் கட்டிடங்கள், வீதிகள் முதலியவற்றின் செலவில் குறைந்தது 75 வீதத்தைச் சமஷ்டி அரசாங்கம் ஏற்கும். இதற்குப் புறம்பாக, பேரழிவு நேரும்போது காங்கிரஸ் தனியாகப் பணம் ஒதுக்குவதும் உண்டு. இப்பணம் வீடமைப்பு, நகர அபிவிருத்தித் திணைக்களத்தின் வழியாக மாநிலங்களைச் சென்றடைகின்றது. இந்த இரண்டாவது வழிக்கு அக்காலத்தில் நிரந்தரச் சட்டம் இருக்கவில்லை. ஒவ்வோர் அழிவின் பின்னரும் பணமும் புதிதாக ஒதுக்கப்பட்டது. விதிகளும் புதிதாக எழுதப்பட்டன. வீடிழந்தவர் விதியை அறிந்துகொள்ளுமுன் விதியே மாறிவிடுவதும் உண்டு.

2

லூசியானாவுக்கு இவ்வழியாகக் கிடைத்த தொகை ஏறத்தாழ 1,340 கோடி டொலர். இதன் பெரும்பகுதி வீட்டு உரிமையாளர்களுக்கென வகுக்கப்பட்ட ‘ரோட் ஹோம்’ என்னும் திட்டத்துக்குச் சென்றது. ‘வீட்டுக்குத் திரும்பும் பாதை’ என்பது இதன் பொருள். பெயரில் இருந்த கனிவு விதியில் இருந்ததா என்பதே நம் வினா.

ஒருவருக்குரிய மானியத்தைக் கணிக்கும் சூத்திரம் சுருக்கமானது. சூறாவளிக்கு முன் வீட்டின் சந்தைப் பெறுமதி எவ்வளவு? சேதத்தைத் திருத்துவதற்கான செலவு எவ்வளவு? இவ்விரண்டில் எது குறைவோ அதுவே அடிப்படை. அதிலிருந்து காப்புறுதியாகவும் ஃபீமா உதவியாகவும் பெற்ற பணம் கழிக்கப்படும். உச்ச எல்லை 150,000 டொலர்.

மேலோட்டமாகப் பார்க்குமிடத்து இதில் குற்றம் காண்பது கடினம். இனம், நிறம், வருமானம் எதையும் இவ்விதி குறிப்பிடவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல். ஆனால் ஓர் எளிய கணக்கைச் செய்து பார்ப்போம். ஒரே அளவும் ஒரே அமைப்பும் உடைய இரு வீடுகள் இரு வேறு வட்டாரங்களில் உள்ளன எனவும், இரண்டையும் திருத்த 130,000 டொலர் தேவை எனவும் கொள்வோம். வெள்ளையர் செறிந்து வாழும் வட்டாரத்தில் உள்ள வீட்டின் சந்தைப் பெறுமதி 140,000 டொலர். கறுப்பின மக்கள் செறிந்து வாழும் வட்டாரத்தில் உள்ளதன் பெறுமதி 60,000 டொலர். இருவரும் காப்புறுதியாக 20,000 டொலர் பெற்றுள்ளனர். முன்னவருக்குக் கிடைப்பது 110,000 டொலர். அவரால் வீட்டை முழுமையாகத் திருத்தமுடியும். பின்னவருக்குக் கிடைப்பது 40,000 டொலர். காப்புறுதிப் பணத்தையும் சேர்த்தாலும் வேலையின் பாதியைக்கூட முடிக்க இயலாது. சீமெந்தின் விலையும் தச்சனின் கூலியும் இரு வட்டாரங்களிலும் ஒன்றே. வேறுபடுவது சந்தை அவ்வட்டாரத்துக்கு இட்ட மதிப்பு மட்டுமே.

அம்மதிப்பு வானத்திலிருந்து விழுந்ததன்று. 1930களில் சமஷ்டி அரசாங்கத்தின் வீட்டுக்கடன் நிறுவனமே அமெரிக்க நகரங்களின் வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு நிறமிட்டு ஆபத்து மிக்கவை என வகுத்தது. அப்பகுதிகளுக்குக் கடன் மறுக்கப்பட்டது. கடன் வராத இடத்தில் பெறுமதி உயரவில்லை. ஒரு காலத்தில் அரசாங்கமும் சேர்ந்து தாழ்த்திய பெறுமதியை, மற்றொரு காலத்தில் அரசாங்கமே நடுநிலையான அளவுகோலாக எடுத்துக்கொண்டது. விதியில் எழுதப்படாத வரலாறு விதியின் விளைவில் வெளிப்பட்டது எனலாம். இலக்கியத்தில் உருவமும் உள்ளடக்கமும் பற்றி நாம் பேசுகின்றோம். இங்கு நடுநிலை என்பது உருவம். பழைய ஏற்றத்தாழ்வே உள்ளடக்கம்.

2008 நவம்பரில் நியூ ஓர்லியன்சின் நியாய வீடமைப்பு அமைப்பு உட்பட வழக்காளிகள் சிலர் இச்சூத்திரத்துக்கு எதிராக நீதிமன்றம் சென்றனர். வருமானம் குறைந்தோருக்கான மேலதிக மானியத்துக்கு விதிக்கப்பட்டிருந்த 50,000 டொலர் எல்லை அதன் பின்னரே நீக்கப்பட்டது. 2011 இல் வழக்கு இணக்கத்தில் முடிந்து, மேலும் சுமார் 6 கோடி 20 இலட்சம் டொலர் வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குள் ஆறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. வேறு நகரங்களில் வேர்விட்டுவிட்ட பலருக்கு அப்பணத்தால் பயன் விளைந்திருக்கும் எனக் கூறுவதற்கில்லை.

3

தனிமனிதர் மட்டுமன்றி உள்ளூராட்சி மன்றங்களும் இத்தகைய எழுத்தின் முன் தடுமாறின. ஃபீமாவின் பொது உதவி மானியம் பெரும்பாலும் மீளளிப்பு முறையில் அமைந்தது. பெரிய வேலைகளில் மன்றம் செலவை மேற்கொண்டு, பற்றுச்சீட்டுகளைக் காட்டி, மாநிலத்தின் ஊடாகப் பணத்தைத் திரும்பப் பெறவேண்டும். பணமும் பணியாளரும் உடைய மன்றத்துக்கு இது பொருந்தும். நியூ ஓர்லியன்ஸ் நகரசபையோ வரி வருமானம் அற்றுப்போன நிலையில், 2005 ஒக்டோபரிலேயே சுமார் 3,000 ஊழியர்களைப் பணிநீக்கம் செய்யவேண்டியதாயிற்று. படிவம் பெருகியபோது அதை நிரப்பவேண்டிய கைகள் குறைந்தன. பேரழிவுக்கென வகுக்கப்பட்ட விதி, பேரழிவுக்கு உட்படாத ஒரு மன்றத்தையே தன் வாசகனாக எண்ணிக்கொண்டது என்பதே இதன் முரண்பாடு.

சரிட்டி வைத்தியசாலையின் கதையும் இங்கு நோக்கத்தக்கது. 1736 இல் தொடங்கிய பாரம்பரியம் கொண்ட இந்நிறுவனம் ஏழை மக்களின் புகலிடமாக விளங்கியது. வெள்ளத்தின் பின்னர் அதன் பெருங்கட்டிடம் மூடப்பட்டது. திருத்தும் செலவு புதிதாகக் கட்டும் செலவின் 50 வீதத்தை விஞ்சினால் புதிய கட்டிடத்துக்கான பணத்தை ஃபீமா தரவேண்டும் என்பது விதி. எனவே ஒரு சுவரின் ஈரத்தைச் சூறாவளியின் விளைவு என்பதா, பழைய பராமரிப்புக் குறை என்பதா என்ற வாதம் கோடிக்கணக்கான டொலருக்கான வாதமாயிற்று. ஃபீமாவின் முதல் மதிப்பீடு 2 கோடி 30 இலட்சம் டொலர்; பின்னர் அது 15 கோடியாக உயர்ந்தது. மாநிலம் கோரியதோ 49 கோடி 20 இலட்சம். 2010 ஜனவரியில் நடுவர் குழு மாநிலத்தின் பக்கம் நின்று ஏறத்தாழ 47 கோடி 47 இலட்சம் டொலர் வழங்கத் தீர்ப்பளித்தது. ஒரே கட்டிடத்தை ஒரே விதியைக் கொண்டு வாசித்தவர்களிடையே இருபது மடங்கு வேறுபாடு. பழைய கட்டிடத்தின் கதவு திறக்கப்படாமலே நாலாண்டுக்கு மேல் கழிந்தது.

4

இங்கு எதிர்வாதம் ஒன்றுக்கு நியாயம் செய்யவேண்டும். பொதுப்பணம் கேட்பாரற்று வழங்கப்படக்கூடாது. அமெரிக்கக் கணக்காய்வு அலுவலகம் 2006 இல் செய்த மதிப்பீட்டின்படி, கத்ரீனா, ரீட்டா சூறாவளிகளின் பின் தனிநபர்க்கு அவசரமாக வழங்கப்பட்ட உதவியில் 60 கோடி முதல் 140 கோடி டொலர் வரை முறைகேடானதாக அல்லது ஐயத்துக்குரியதாக இருந்தது. இது புறக்கணிக்கத்தக்க தொகையன்று. வஞ்சகர் கவர்ந்த ஒவ்வொரு டொலரும் உண்மையில் வீடிழந்தவரிடமிருந்து கவர்ந்ததே. கட்டுப்பாடு வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அக்கட்டுப்பாட்டின் சுமை எவர் தோளில் ஏற்றப்பட்டது? ரோட் ஹோம் விண்ணப்பதாரரின் கைரேகை பதிவுசெய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக உறுதி எழுதாமலே கைமாறிய வீடுகளில் வாழ்ந்தோர் தம் உரிமையை நிரூபிக்க அலைந்தனர். 2017 இல் மரியா சூறாவளி தாக்கிய புவேர்ட்டோ ரிக்கோவிலும் இக்காரணத்தால் பல்லாயிரவர் உதவியிழந்தனர். உறுதி இல்லாதோரின் சுயபிரகடனத்தை ஏற்கும் வகையில் ஃபீமா தன் விதியைத் தளர்த்தியது 2021 இலேயே. மோசடிக்காரன் போலிப் பத்திரத்தோடு வருகிறான். ஏழை பத்திரமே இன்றி வருகிறான். பத்திரத்தை மட்டும் நம்பும் விதி இரண்டாமவனையே முதலில் திருப்பியனுப்புகின்றது.

இதன் உச்சத்தை வீடுயர்த்தும் மானியத்திற் காணலாம். எதிர்கால வெள்ளத்திலிருந்து காக்க வீட்டை உயர்த்துவதற்கென உரிமையாளர் பலருக்கு 30,000 டொலர் வழங்கப்பட்டது. அடிப்படை மானியம் போதாமையால் பலர் அப்பணத்தைக் கொண்டு வீட்டைத் திருத்தினர். அவ்வாறு செய்யலாம் எனத் திட்ட அலுவலர்களே தமக்குக் கூறியதாகவும் அவர்களிற் பலர் தெரிவித்தனர். ஆண்டுகள் பல கடந்தபின், பணத்தைத் திருப்பித் தரும்படி மாநிலம் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மீது வழக்குத் தொடுத்தது. எஞ்சிய வழக்குகள் கைவிடப்படும் என்ற அறிவித்தல் 2023 பெப்ரவரியிலேயே வந்தது. வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்தவர், மீண்டும் கட்டிய வீட்டுக்குள்ளேயே கடனாளியாக ஆக்கப்பட்டார். சூத்திரத்தின் குறையை விதி ஒப்புக்கொள்ளவில்லை. அக்குறையைத் தம் வழியில் நிரப்பிக்கொண்டவரே குற்றவாளியாயினர்.

5

இறுதியாக, ‘மானியம்’ என்ற சொல்லையே நாம் ஐயுறவேண்டியுள்ளது. மானியம் என்பது கொடுப்போனின் பெருந்தன்மையைக் குறிக்கும் சொல். நியூ ஓர்லியன்சை மூழ்கடித்தது காற்று மட்டுமன்று. சமஷ்டி அரசாங்கத்தின் இராணுவப் பொறியியற் படை அமைத்த வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்தமையே பேரழிவின் முதன்மைக் காரணம். சுவர்களின் வடிவமைப்பிலிருந்த குறைபாடுகளை அப்படையே 2006 இல் ஏற்றுக்கொண்டது. ஆயினும் 1928 ஆம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரசாங்கத்துக்கு விலக்களிப்பதால், உடைந்த சுவர்களுக்காக அப்படைமீது தொடரப்பட்ட வழக்கை 2008 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நட்டஈடு கோரும் உரிமை அடைக்கப்பட்ட பின்னர், மக்களுக்குத் திறந்திருந்த ஒரே கதவு மானிய விண்ணப்பம். கடன்பட்டவன் தன் கடனைக் கொடையெனப் பெயரிட்டு, கொடைக்குரிய நிபந்தனைகளையும் தானே வகுத்துக்கொண்டான். இவ்விதிகளிற் சொல்லப்படாமல் விடப்பட்டவற்றுள் தலையாயது இதுவே.

நல்ல மாற்றங்கள் நிகழாமலில்லை. 2013 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, உள்ளூராட்சி மன்றங்கள் நிலையான மதிப்பீட்டின் அடிப்படையிற் பணம் பெற வழிவகுத்தது. 2021 இன் தளர்வு முன்னர் கூறப்பட்டது. இவை அனைத்தும், மக்கள் வழக்காடியும் முறையிட்டும் போராடியும் பெற்றவை என்பதை மறத்தலாகாது.

ஒரு விதியின் தரத்தை அதன் மொழித் தெளிவைக்கொண்டு மட்டும் அளக்கமுடியாது. ‘எது குறைவோ அது’ என்பதைவிடத் தெளிவான தொடர் இருத்தல் அரிது. அதை வாசிப்பவன் எங்கு நிற்கின்றான், எதை இழந்துள்ளான், எப்பத்திரம் அவன் கையில் உள்ளது என்பவற்றை எழுதியவன் எண்ணிப் பார்த்தானா என்பதே அளவுகோலாதல் வேண்டும். வரிசையில் நின்று படிவம் நிரப்பிய எவர்க்கும், எந்நாட்டினராயினும், இவ்வினா அந்நியமானதன்று. நாளை நிருவாக சேவையிற் புகுந்து இத்தகைய விதிகளை எழுதப்போகின்றவர்களிற் சிலர் இன்று நம் விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருக்கின்றனர். இலக்கிய விமர்சனம் கற்பிக்கும் நுண்வாசிப்பு அவர்களுக்கு அங்கும் துணைநிற்குமாயின், அக்கல்வி வீண்போகாது.