திட்டக் கணக்கின் இரு பள்ளிகள்

சுதந்திர இந்தியாவின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் ஹாரட்–டோமர் சமன்பாட்டை அடியொற்றியது. சேமிப்பு கூடினால் வருமானம் கூடும் என்பதே அதன் கணக்கு. அந்தச் சேமிப்பை எந்தத் துறையில் போடுவது என்ற கேள்வி வந்தபோதுதான் நம் பொருளியல் மாதிரிகளுக்கென்று ஒரு மரபு உருவானது. அதில் கல்கத்தா, பம்பாய் என்று இரண்டு பள்ளிகள்.

கல்கத்தாப் பள்ளி, பி.சி. மகாலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வளர்ந்தது. இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களில் இன்று பணம் போட்டால் சில ஆண்டுகள் கழித்து வளர்ச்சி வேகமெடுக்கும் என்றது 1953-இல் அவர் வெளியிட்ட இரு துறை மாதிரி. இரண்டாம் திட்டத்துக்காக அதை நான்கு துறைகளாக விரித்தார். 5,600 கோடி ரூபாய் முதலீடு, 1 கோடியே 10 லட்சம் புதிய வேலைகள், ஆண்டுக்கு 5 விழுக்காடு வருமான வளர்ச்சி என்று இலக்கு வைத்து, முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கனரகத் தொழிலுக்கு ஒதுக்கினார். அங்கே ஓர் ஆளுக்கு வேலை கொடுக்க 20,000 ரூபாய் மூலதனம் வேண்டும்; வேளாண்மையும் குடிசைத் தொழிலும் சேர்ந்த துறையில் 2,500 ரூபாய் போதும். இந்த எண்களையெல்லாம் அச்சில் போட்டு, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று வைத்தார். அவர் செய்த பெரிய காரியம் அதுதான் என்பேன்.

ஆனால் அந்நியச் செலாவணிக்கும் உணவு தானியத்துக்கும் தட்டுப்பாடு வரலாம் என்பதற்கு அந்தச் சமன்பாடுகளில் இடமில்லை. 1957-இல் செலாவணி நெருக்கடி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கக் கோதுமைக்கு பி.எல்.480 ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

பம்பாய்ப் பள்ளி கைவைத்த இடம் அதுவே. சி.என். வக்கீலும் பி.ஆர். பிரம்மானந்தாவும் 1956-இல் கூலிப் பொருள் மாதிரியை முன்வைத்தார்கள். கிராமத்தில் வேலை செய்வதுபோல் தோன்றினாலும் உண்மையில் உபரியாக இருப்பவரை அணை கட்டவோ சாலை போடவோ அழைத்தால், முதல் வாரத்திலிருந்தே அவருக்கு அரிசியும் துணியும் வேண்டும். அவை பெருகாமல் வேலைவாய்ப்பு பெருகாது. உழைப்பவர் உண்ணும் சோறும் மூலதனமே என்றார்கள். திட்டக் குழு கல்கத்தாவின் பக்கம் நின்றது. என்னைக் கேட்டால், நாட்டின் நிலைமையை நெருங்கிப் பார்த்தது பம்பாய்தான்.

சோறு இருக்கட்டும், உழைப்பவரின் உடல்நலம் இந்தக் கணக்குகளுக்குள் தாமதமாக நுழைந்தது, நுழைந்தபோதும் அரைகுறையாகவே. 1962-இல் ஒரு பணிக்குழு, குறைந்தபட்ச வாழ்வுக்குத் தலைக்கு மாதம் 20 ரூபாய் என்று 1960–61 விலையில் வரையறுத்தது. மருத்துவமும் கல்வியும் அரசின் பொறுப்பு என்று அதில் சேர்க்கவில்லை. அரசு மருத்துவமனை எட்டாத ஊரில் காய்ச்சலுக்கு மருந்து வாங்கியவர், அந்தத் தொகையைத்தானே உடைத்திருக்க வேண்டும்? 1979-இல் வறுமையின் அளவுகோல் கலோரியாக மாறியது: தலைக்கு நாளொன்றுக்குக் கிராமத்தில் 2,400, நகரத்தில் 2,100. குடிநீரும் நோயும் அதிலும் இல்லை. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு ஊட்டிய கலோரி முழுதும் உடம்பில் ஒட்டாது.

திட்டக் குழு இன்று இல்லை. 2015 முதல் நிதி ஆயோக் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு புதிய கொள்கையோடும் ஒரு மாதிரியும் அதன் கணிப்பும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இதைப் படிக்கும் பொருளியல் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கணிப்பு சொல்லும் விழுக்காட்டைப் பார்க்கும் முன், எந்தத் தட்டுப்பாடு வராது என்று அது வைத்துக்கொண்டிருக்கிறது, யாருடைய செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று தேடிப் பாருங்கள். அதை வெளிப்படையாகச் சொல்லாத மாதிரியை ஏற்காதீர்கள்.