உரிகமும் ஊர்காமும்
(ஊர்ப்பெயர் ஒலிப்பு பற்றி ஒரு திறனாய்வு)

நூல்களைத் திறனாய்வார் பலர். ஊர்ப்பெயர்களைத் திறனாய்வார் சிலரே. ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலின் வழி இத்துறைக்கு ஒரு நெறி காட்டினார். அந்நெறியைத் துணைக்கொண்டு, தமிழக எல்லைக்கு அப்பால் தமிழர் வியர்வையும் குருதியும் சிந்திய கோலார் தங்கவயலின் பெயர்களை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அவற்றைப் புதிதாகச் செல்வோர் எங்ஙனம் ஒலிக்கின்றனர், எங்ஙனம் ஒலித்தல் தகும் என்பதே நம் ஆராய்ச்சி. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இஃது எழுத்தும் ஒலியும் பற்றிய சிக்கல் மட்டும் அன்று என்பது போகப் போக விளங்கும்.

தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கத் தொழிலை நடத்தினர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற எளிய மக்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில் இறங்கிப் பாறையைப் பிளந்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பின்னர் 2018இலும் 2022இலும் 'கே.ஜி.எஃப்' என்னும் கன்னடத் திரைப்படத்தின் இரு பாகங்களும், 2024இல் 'தங்கலான்' என்னும் தமிழ்ப்படமும் வெளிவரவே, அவ்வூர்ப் பெயர் நாடெங்கும் பரவிற்று. இன்று சயனைடு மேட்டைக் காண வருவோருள், கன்னடப் படத்தில் வரும் நராச்சி எங்கே எனத் தேடுவோரும் உளர். அது கற்பனை ஊர். கற்பனை ஊரின் பெயரைப் பிழையின்றி ஒலிக்கும் நாக்கு, உண்மை ஊரின் பெயரில் இடறுவதைக் காண்கின்றோம்.

யாமும் அவ்வாறு இடறியதுண்டு. பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் சிறு தடத்தில் கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்கள் வரும். சுரங்கம் மூடிய பின் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் இத்தடம் வழியே பெங்களூர் சென்று உழைத்துத் திரும்புகின்றனர். அவ்வண்டியில் எம்முடன் வந்த இளைஞர், தம் பாட்டனார் வாழ்ந்த ஊரை முதன்முறை காணப் புறப்பட்டவர். ஆங்கில எழுத்தை நம்பி, "ஊர்காம் எப்போது வரும்?" என்று எதிரே இருந்த மூதாட்டியாரை வினவினார். அவ்வம்மையார் சிரித்து, "உரிகமா? அப்படிச் சொல்லுப்பா. ஊர்காமுன்னா யாருக்குத் தெரியும்?" என்றார். இளைஞர் நாணத்துடன் "உரிகம்" எனத் திருத்திச் சொன்னார். உடனே அம்மையார் கேட்ட அடுத்த வினா: "நீ யாரு வூட்டுப் புள்ள?"

இவ்விரு வினாக்களுக்கும் இடையே உள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

முதற்கண் 'தங்கவயல்' என்னும் பெயரை நோக்குவோம். ஆங்கிலத்தார் கனிமம் கிடைக்கும் நிலப்பரப்பையும் விளைநிலத்தையும் ஒரே சொல்லால் குறிப்பர். கன்னடத்தார் பொருள் நோக்கிச் 'சின்னத கணி' என்றனர். தங்கச் சுரங்கம் என்பது அதன் பொருள். தமிழரோ சொல்லை நோக்கி 'வயல்' என்றனர். மொழிபெயர்ப்பு இலக்கணம் வல்லார் இதனைப் பிழை எனக் கூறலாம். எனினும் ஆங்குச் சென்றோருள் பெரும்பாலோர் சொந்த வயல் இல்லாதவர், பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர். அவர்க்கு ஒரு வயல் வாய்த்தது. அதில் நெல் விளையவில்லை, அறுத்த பொன்னும் அவர் இல்லம் சேரவில்லை. இத்தனையும் உணர்த்தும் சொல் பிழையாயினும் போற்றத்தக்க பிழையே.

அடுத்துக் 'கோரமண்டல்'. சோழமண்டலம் என்பது ஐரோப்பியர் நாவில் திரிந்து இவ்வடிவம் பெற்றது என்பர் அறிஞர் பலர். கடற்கரையின் பெயராக வழங்கிய அது, கடலே காணாத மேட்டு நிலத்தில் சுரங்கப் பெயராகவும், பின் இரயில் நிலையப் பெயராகவும் ஆயிற்று. சோழர் ஆட்சியில் கோலார் வட்டாரமே நிகரிலிச் சோழமண்டலத்துக் குவளால நாடு எனப்பட்டது என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று. கோலாரம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. ஆகவே சோழமண்டலம் என்னும் பெயர் அயலார் நாவில் உருமாறித் தன் பழைய நிலத்திற்கே திரும்பி வந்தது. அதனை மீண்டும் 'சோழமண்டலம் நிலையம்' எனத் திருத்துவோமாயின் இந்நெடும் பயணமே மறைந்துவிடும்.

பௌரிங் என்னும் ஆங்கில ஆணையர் பெயரால் அமைந்த பௌரிங்பேட்டை இன்று பங்காரப்பேட்டை. அதிகாரியின் பெயர் இருந்த இடத்தில் பொன் வந்து அமர்ந்தது. ராபர்ட்சன், ஆண்டர்சன் என்னும் பெயர்களோ, பேட்டை என்னும் வால் பெற்று நம்மவர் நாவுக்கு இணங்கின. ஊரின் ஒலி என்பது இங்ஙனம் பல நாவுகள் கூடிச் செய்யும் வேலை.

இவ்விடத்து ஓர் அரிய தொடர்பு நினைவுகூரத் தக்கது. தமிழ் எழுத்துகளின் பிறப்பையும் ஒலிப்பையும் வகுத்துரைக்கும் நன்னூலைப் பவணந்தி முனிவரிடம் வேண்டிச் செய்வித்தவன் சீயகங்கன். அவன் கல்வெட்டுகளில் 'குவளாலபுர பரமேசுவரன்' எனப் பெறுகின்றான். குவளாலபுரம் என்பது கோலாரின் பழம்பெயர். கங்கர் தம் குலத்தின் தொல்பதியாகப் போற்றிய ஊர். எழுத்தை எங்ஙனம் ஒலித்தல் வேண்டும் என நமக்குக் கற்பிக்கும் நூலின் பின்னே கோலாரின் பெயர் தாங்கிய ஒருவன் நிற்கின்றான்!

அந்நன்னூல் சிதைந்த சொல்லைப் பற்றி யாது கூறுகின்றது? இலக்கணம் உடையது, இலக்கணப் போலி, மரூஉ என மூன்றையும் இயல்பு வழக்கில் வைக்கின்றது. தஞ்சாவூர் தஞ்சை என வழங்குவது மரூஉ. மரூஉ பிழை எனத் தள்ளப்படவில்லை. மக்கள் நாவில் மருவி வந்தது என்பதே அதற்குரிய தகுதி. குவளாலம் கோலார் ஆனதையும் அவ்வழியே ஏற்றல் தகும். கன்னடத்தார் இறுதியில் உயிர் சேர்த்துக் 'கோலார' என்பதும் அவர்தம் மொழியியல்பு; அதுவும் பிழையன்று.

ஒலிப்பை எழுத்தால் நிலைநிறுத்த முயன்ற நிகழ்ச்சி ஒன்று அண்மையில் உண்டு. 2020 ஜூன் திங்களில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு இசைய மாற்றி ஆணை வெளியிட்டது. நோக்கம் நன்று. ஆயினும் கோயம்புத்தூரின் புதிய ஆங்கில வடிவம் எழுத்து நீண்டு கண்ணை உறுத்தியது. வேலூரின் வடிவமோ 'வீலூர்' எனப் படிக்க இடந்தந்தது. எள்ளல் மிகவே சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. லகர ளகர ழகரங்களுக்குத் தனித்தனி எழுத்தில்லாத நெடுங்கணக்கைக் கொண்டு நம் ஒலியைக் கட்ட இயலாது. ஊர்ப்பெயரைக் கண்ணால் கற்க முடியாது. செவியால்தான் கற்க வேண்டும்.

இனி மற்றொரு சாராரைப் பற்றிக் கூறுவோம். உள்ளூர் ஒலிப்பை முன்னரே பயின்று, உள்ளூர்ப் பேச்சையும் போலச் செய்து, தாம் புதியவர் எனப் பிறர் அறியாவண்ணம் கலந்துவிட விழைவோர் இவர். விலை ஏமாறாமல் இருக்க இது பயன்படலாம். எனினும் ஒலிப்பை நுழைவுச் சீட்டாக்குவதில் ஓர் இடர் உண்டு. விவிலியத்து நீதித்தலைவர் நூலில், யோர்தான் துறையில் ஒரு சொல்லின் முதலொலியைச் சரியாகக் கூற இயலாதோர் கொல்லப்பட்ட வரலாறு வருகின்றது. ஒலிப்பு காவல் வாயிலானால் அது வெட்டும் வாளும் ஆகும். அயல்மொழி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இது சொல்லித் தெரிய வேண்டுவதன்று.

உரிகம் செல்லும் வண்டியில் அவ்விளைஞர் முன்கூட்டியே பயின்று வந்து பிழையறக் கூறியிருப்பின், அம்மையார் திருத்தியிரார், "யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்டும் இரார். பிழையே பேச்சுக்கு வாயில் திறந்தது. திருத்தத்தை ஏற்ற பணிவே உறவைத் தந்தது. பாட்டனார் பெயரை அவர் கூறியதும், அம்மையார் அக்குடும்பம் இருந்த லைன் வீட்டு வரிசையைச் சுட்டி, அங்குச் செல்லும் வழியையும் சொன்னார். எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத செய்தி அது.

ஆகவே எம் முடிபு இது: செல்லும் ஊரின் பெயரை அவ்வூரார் வாயிலாகக் கேட்டு, அவ்வண்ணமே ஒலிக்க முயல்வது கடமை. முயன்று பிழைத்தல் இழுக்கன்று. ஏட்டெழுத்தே சரியென அவ்வூரார்க்கே திருத்தம் கூறுவது இழுக்கு. உள்ளூரார் போல நடிப்பதும் வேண்டா. விருந்தினராய்ச் சென்று, திருத்தப்பட்டு, உறவினராய்த் திரும்புவதே சிறப்பு.

நம் இல்லங்களில் முதியோர் இருக்கின்றனர். பிறந்த ஊர், பிழைக்கப் போன ஊர், இடையில் வண்டி மாறிய ஊர் ஆகியவற்றை அவர்கள் எவ்வாறு ஒலிக்கின்றனர் என்பதை நம் பிள்ளைகள் கேட்டல் வேண்டும். ஊர்ப் படத்தில் எழுத்து நிற்கும். ஒலி அவர்தம் நாவோடு போய்விடும். இன்று மாலையே கேட்போமாக.