சிவப்பு மையின் சாட்சியம்

எட்வேர்ட் கேர்ட்டிஸ் 1910 அளவில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. பைகன் இனத்தவரின் கூடாரமொன்றினுள் இருவர் அமர்ந்திருக்கின்றனர். மூலப் படத்தில் அவர்களுக்கிடையே ஒரு மணிக்கூடு இருந்தது. அச்சுக்குப் போனபோது அது அழிக்கப்பட்டது. 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகளாக வெளிவந்த 'வட அமெரிக்க இந்தியன்' என்ற அவரது பெரும்பணியின் அரசியலை விளங்கிக்கொள்ள இந்த மணிக்கூடே போதுமானது. மறைந்துகொண்டிருக்கும் இனம் என்று முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவர்களின் பக்கத்தில் நேரம் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

இத்தகைய அழிப்புகளுக்கு எதிரான வேலையாகவே வென்டி ரெட் ஸ்டாரின் படங்களை நான் வாசிக்கிறேன். 1981இல் பிறந்த அவர், மொன்டானாவில் குரோ மக்களின் ஒதுக்குநிலத்தில் வளர்ந்தவர். அம்மக்கள் தம்மை அழைத்துக்கொள்வது அப்சாலூகே என்று. நண்பரொருவர் இரவல் தந்த 'டெலிகேஷன்' (2022) என்ற அவரது தொகுப்பு ஒரு மாதமாக என் மேசையில் கிடக்கிறது.

1880இல் குரோ தலைவர்கள் சிலர் வொஷிங்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களது நிலத்தின் ஊடாகப் புகையிரதப் பாதை போடுவதும் நிலத்தைச் சுருக்குவதும் அங்கே பேசப்பட்டன. அவ்வேளை சார்ள்ஸ் மில்டன் பெல் என்பவர் அவர்களைப் படம்பிடித்தார். இழப்பின் பேரம் நடந்துகொண்டிருந்த நாட்களில் எடுக்கப்பட்ட அந்தப் படங்கள், பிற்காலத்தில் வெறும் அலங்காரமாகிப் போயின. அவர்களுள் ஒருவரான மெடிசின் குரோவின் முகத்தை ஒரு பான நிறுவனம் தேநீர்ப் போத்தலில் ஒட்டிக்கொண்டது.

2014இல் ரெட் ஸ்டார் செய்தது மிக எளிய காரியம். அப்படங்களைப் பிரதியெடுத்து, அவற்றின்மீது சிவப்பு மையால் எழுதினார். உடையின் விளிம்புகளை வரைந்து காட்டினார். சட்டையில் தொங்கும் வெண்ணிறத் தோற்கீற்றுகள் எதிரியின் துப்பாக்கியைப் பறித்தமைக்கு அடையாளம் என்கிறது ஒரு குறிப்பு. மெடிசின் குரோவின் கண்களுக்குப் பக்கத்தில் சண்டித்தனமான ஒரு பகிடி. பாடசாலைப் பிள்ளை புத்தகத்தில் கிறுக்குவதுபோல இருக்கிறது. ஆனால் அந்தக் கிறுக்கலுக்குப் பின்னர் படத்திலிருப்பவர் 'ஓர் இந்தியன்' அல்லர். சாதனைகளும் குடும்பமும் கொண்ட ஒரு மனிதர். மணிக்கூடு திரும்பவும் ஓடத் தொடங்குகிறது.

இதனோடு ஒப்பிடுகையில், பலரும் புகழும் 'நான்கு பருவங்கள்' (2006) எனக்குச் சற்றுக் குறைவாகவே படுகிறது. செயற்கைப் புல், காற்றடைத்த மான், மடிப்புத் தெரியும் மலைக்காட்சித் திரை ஆகியவற்றின் நடுவே, பாரம்பரிய உடையில் அவரே அமர்ந்திருக்கிறார். பூர்வகுடிகளை விலங்குகளோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்த நூதனசாலைகளைக் கேலி செய்வது நல்ல யோசனைதான். எனினும் பார்வையாளன் சிரித்துவிட்டு, எந்த நட்டமுமின்றி வெளியேறிவிட முடிகிறது. சிவப்பு மை அவ்வாறு விடுவதில்லை. அது அவனை நிறுத்தி வாசிக்கவைக்கிறது.

ஆனால் என்னிடம் ஒரு சந்தேகமும் இருந்தது. குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மீண்டும் வெள்ளையனுக்குத்தானே விளக்கம் சொல்லப்படுகிறது? சில நாட்கள் கழித்து மீளப் பார்த்தபோதுதான் எனது கேள்வியின் பிழை தெரிந்தது. இக்குறிப்புகள் எல்லாம் அறிந்தவரின் விளக்கமல்ல. தேடிக் கற்றுக்கொள்பவரின் குறிப்புகள். குடும்பத்தார் சொன்னவற்றோடு, ஆவணக் காப்பகங்களிலும் அந்நியர் எழுதிவைத்தவற்றிலும் அவர் தேடியிருக்கிறார். பிடுங்கப்பட்ட அறிவைப் பிடுங்கியவனின் அலுமாரியிலிருந்தும் பொறுக்கவேண்டிய நிலை அது. கலப்பற்ற, தூய சுயசித்திரிப்பு என்று ஒன்று எங்கோ பத்திரமாக இருக்கிறது என நம்மில் பலர் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பேச்சை இப்படங்கள் மறுக்கின்றன.

இந்த எதிர்ப்புக்கு எல்லையுமுண்டு. மை விழுந்தது பிரதியின் மீதுதான். பழைய படங்கள் இன்றும் அரச காப்பகத்திலேயே உள்ளன. படத்தை மீட்க முடியவில்லை, அதை வாசிக்கும் முறையை மட்டும் மீட்டிருக்கிறார். அதைச் சிறிய காரியமென்று நான் சொல்லமாட்டேன்.

தொகுப்பை மூடியபோது செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட 'வேடர்கள்' நூலின் படங்கள் நினைவுக்கு வந்தன. கிழக்குக் கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர்களைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. அப்படங்களின்மேல் எழுதும் உரிமை எனக்கில்லை. அச்சமூகத்திலிருந்து ஒருவர் சிவப்புப் பேனையோடு வரும்போது, நமது சஞ்சிகைகள் அவருக்கு எத்தனை பக்கம் ஒதுக்கும் என்பதே நான் கேட்கக்கூடியது.