பழைய அளவுகோலும் இன்றைய குழந்தையும்

வி. வி. காமத் அவர்கள் 1940-இல் நூலாக வெளியிட்ட பினே–காமத் நுண்ணறிவுச் சோதனை, கன்னட, மராத்திச் சிறாரைக் கொண்டு தரப்படுத்தப்பெற்றது. அந்நாளில் அஃது அரும்பணியே, நாம் மறுப்பதற்கில்லை. ஆயின் அதனைக் கொண்டே இன்றும் நம் பிள்ளைகளுக்குச் சான்று வழங்குதல் முறையோ? நாகல் நகர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை வீட்டில் சௌராஷ்டிரமும் பள்ளியில் தமிழும் பேசுகின்றது. சொல்வினாக்களில் அது தடுமாறின், குறைந்தது மொழியோ அறிவோ என்பதை எண் உரையாது. தர அளவுகள் பழையனவாயின் மதிப்பெண்ணோ உயர்ந்து தோன்றும். தலைமுறைதோறும் சராசரி ஏறிவந்ததை ஜேம்ஸ் ஃபிளின் 14 நாடுகளின் தரவுகளால் 1987-இல் காட்டினார். இரு பிழைகளும் எதிர்த்திசையின. எனினும் ஒன்றையொன்று சரிக்கட்டும் எனக் கொள்ளலாகாது. நுண்ணறிவு ஈவு 70-ஐ ஒட்டி நிற்கும் பிள்ளைக்கு இரண்டொரு புள்ளியிலேயே சலுகை கிட்டுவதும் கிட்டாததும் அடங்கியுள்ளது. சான்றுடன் நம்மிடம் வரும் பெற்றோரை, "எம்மொழியில் வினவினர்?" என்றே முதலில் கேட்கிறோம். பெரும்பாலோர் அறியார்.