இடப்பக்கத்துக் குதிரை

வாய்வழி கெட்டிக்கும் பழைய துவக்கில் வெடித்தொப்பி வைத்துச் சுடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மழைத் தூறலுக்கும் காற்றுக்கும் அசையாத ஏற்பாடு அது. சுத்தியல்போன்ற குதிரை விழுந்த கையோடு குண்டும் போய்விடும். விற்வர்த் துவக்கின் அறுகோணக் குழலைப் பற்றி அவர்கள் கதைக்கத் தொடங்கினால் நானும் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருப்பேன். 1860இல் விம்பிள்டனில் விக்ரோறியா மகாராணி முதல் வெடி வைத்துப் போட்டியைத் தொடக்கியது அந்தத் துவக்கால்தான். 400 யார் தூரத்தில் குண்டு நடுப்புள்ளிக்குப் பக்கத்திலேயே போய்த் தைத்தது. ஆனால் துவக்கை இரும்புத் தாங்கியில் பூட்டி, குறியையும் முன்னரே சரிபார்த்து வைத்திருந்தார்கள். மகாராணி இழுத்தது விசையில் கட்டியிருந்த பட்டுக் கயிற்றை மட்டும். அது குழலின் வெற்றி. சுடுகிற ஆளின் வெற்றியை நான் வேறிடத்தில் தேடுகிறேன்: 50 மீற்றர் தூரம், நின்ற நிலை, புரி வெட்டாத குழல், உருண்டை ஈயம், நுனியில் கனன்றுகொண்டிருக்கும் திரி.

வாய்வழி கெட்டிக்கும் துவக்குச் சங்கங்களின் அனைத்துலகக் குழு 1971இல் தொடங்கியது. அதன் போட்டிப் பிரிவுகளின் பட்டியலைப் பார்த்தால் மினியே, விற்வர்த், மிக்கலே, வெற்றர்லி, மான்ரன் என்று ஐரோப்பியப் பெயர்களே வரிசையாக வரும். அவற்றுக்கு நடுவே கீழைத்தேயத்துக்கு என்று நிற்கிற பெயர்களில் முதன்மையானது தனெகஷிமா. திரித்துவக்குக்கு உரிய பிரிவு அது. அரை மணித்தியாலம், 13 வெடி, அவற்றில் சிறந்த 10 மட்டும் கணக்கில் சேரும். பழைய அசல் துவக்குக்குத் தனி வரிசை, புதிதாகச் செய்த நகலுக்குத் தனி வரிசை. இந்தப் பதின்மூன்றுக்குப் பத்து என்ற கணக்கை வகுத்தவரை நான் மெச்சுகிறேன். கரிமருந்து எப்போதாவது ஏமாற்றும் என்பதை ஒப்புக்கொண்டு மூன்று வெடியை மன்னித்துவிட்டு, மிச்சத்துக்கு முழுப் பொறுப்பையும் சுடுகிறவர் தலையில் போடுகிற நியாயம் அதில் இருக்கிறது.

தனெகஷிமாப் பிரிவில் பலர் யப்பானிய மாதிரியையே கையில் எடுப்பார்கள். காரணம் அழகல்ல. பழைய ஐரோப்பியத் திரித்துவக்கில் விசையை அழுத்த அழுத்தத் திரி மெல்ல இறங்கும், அதுவும் சுடுகிறவர் முகத்தை நோக்கி. யப்பானியத் துவக்கில் பித்தளை வில் இழுத்து வைத்த குதிரை, விசையைத் தொட்டதும் குழல்வாய்ப் பக்கமாகச் சட்டென்று மருந்துக் கிண்ணிக்குள் விழும். கல் உரசிப் பொறி பறந்து மருந்து பற்றுகிற தாமதம் இங்கே கிடையாது, நெருப்பு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. சுமாரான சிக்கிமுக்கித் துவக்கைவிட நல்ல திரித்துவக்கு விரைவாக வெடிக்கும் என்று சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள். ஒரு காலைப்பொழுது பக்கத்தில் நின்று கேட்டால் காதே சொல்லிவிடும்.

யப்பானியத் துவக்கின் அந்தப் பொறிமுறை யப்பானில் முளைத்ததல்ல. 1543இல் தனெகஷிமாத் தீவில் இறங்கிய போர்த்துக்கேயரிடம் அங்கத்தைய பிரபு தொக்கித்தகா வாங்கிய இரண்டு துவக்குகளும் கோவா, மலாக்காப் பக்கத்துக் கொல்லர் கைப்பட்ட வகையைச் சேர்ந்தவை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. எங்கள் இலங்கைத் தீவுக்குப் போர்த்துக்கேயர் 1505இலேயே வந்துவிட்டார்கள். அதே கடல்வழி, அதே பட்டறைகளின் தொடர்பு. யப்பானியத் துவக்கும் எங்கள் தீவின் கண்டித் துவக்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்று இன்றைக்கும் போட்டிக் களத்தில் வெடித்துக்கொண்டிருக்கிறது. மற்றது கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துக் கிடக்கிறது. என் ஆதங்கம் முழுவதும் இதுதான்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கண்டித் துவக்கில் என்ன இவ்வளவு உருக்கம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நல்ல வேலைக்கு எல்லை எதற்கு? கண்டிக் கைவினைஞரின் வேலையை 1908இல் பெரிய நூலாக எழுதி வைத்த ஆனந்த குமாரசுவாமியும் தமிழ்த் தகப்பனின் பிள்ளைதான்.

இனி தலைப்பில் சொன்ன இடப்பக்கத்துக்கு வருகிறேன். உலகத்தின் பெரும்பாலான துவக்குகளில் குதிரையும் கிண்ணியும் குழலின் வலப்பக்கம். இலங்கைத் துவக்கில் இடப்பக்கம். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுச் சிக்கிமுக்கித் துவக்குகளில் இதைக் காணலாம்: குதிரையின் வளைந்த கழுத்தில் கொடிவேலை, பொறித் தகட்டில் உளிவேலை, குழலில் வெள்ளியும் பித்தளையும் பதித்த பூவேலை, பிடிமரமான சோங்கின் முடிவில் இரண்டாகப் பிரிந்து சுருளும் செதுக்கல். மற்றத் தேசத்துக் கொல்லர் பொறியை முடித்துவிட்டுப் பிறகு அலங்கரிப்பார்கள். இங்கே உறுப்பின் வடிவமே அலங்காரமாக வளர்ந்திருக்கிறது. குதிரையின் தாடை கல்லைக் கவ்வுகிற இடத்தில் இருந்து கண்ணை எடுத்து, கழுத்து வழியாக இறங்கி, தகட்டின் ஓரத்தால் சுற்றி வந்தால், கொடி எங்கே முடிகிறது, இயந்திரம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஐரோப்பாவில் மான்ரன் செய்த துவக்கின் அடக்கமான வடிவை நான் விரும்புகிறேன். இதை அதற்கு மேலே வைக்கிறேன்.

ஒரு காட்சிக்கூடத்தில் இப்படியொரு துவக்கைப் பார்க்கப் போய் மனம் நொந்து திரும்பினேன். பெயரைச் சொல்ல விருப்பமில்லை. துவக்கை இடப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்திருந்தார்கள், பெட்டியின் பின்புறம் சுவரோடு ஒட்டியிருந்தது. பார்க்க வந்தவருக்குத் தெரிந்தது வலப்பக்கத்து மரம் மட்டும். குதிரை, கிண்ணி, தகடு எல்லாம் துணிமேல் முகம் குப்புற. துவக்கு என்றால் வலப்பக்கம்தான் முகம் என்ற பழக்கத்தில் யாரோ செய்த வேலை. சொன்னேன், குறித்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

இடப்பக்கத்துக்குக் காரணம் என்ன என்பதில் ரசிகர்களுக்குள் வாதம் ஓயவில்லை. வலக்கைக்காரர் ஒருவர் சோங்கைக் கன்னத்தில் பதித்தால் இடப்பக்கத்துக் கிண்ணி அவர் முகம் இருக்கும் பக்கமே வந்துவிடும், தீப்பொறி மூக்குக்கு நேரே எழும்பும். ஆகவே இது சுடுவதற்கே செய்ததல்ல, அரசவையில் பிடித்துக்கொண்டு நிற்கச் செய்தது என்பார்கள் ஒரு சாரார். நான் அதை ஏற்க மாட்டேன். இத்தீவின் கொல்லர் செய்த துவக்குக் குழல்களுக்கு ஈடு வேறெங்கும் இல்லை, வெள்ளிபோல மின்னுகின்றன என்ற கருத்தில் ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன் 1596இல் வெளிவந்த நூலில் எழுதினார். சும்மா பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் குழலில் அத்தனை பாடுபட எந்தக் கொல்லருக்கும் நேரம் இருந்திராது. என் அபிப்பிராயம் இது: இந்தத் துவக்கைத் தோளில் இறுக்கிப் பிடித்துச் சுடுகிற ஐரோப்பியப் பழக்கத்தை வைத்து அளக்கக் கூடாது. அந்தச் சுருள் சோங்கு தோளுக்கென்று செய்ததாகத் தெரியவில்லை. யப்பானியத் துவக்குக்கும் தோளில் பதிக்கும் சோங்கு கிடையாது, கன்னத்தோடு பிடித்தே சுடுகிறார்கள், குறியும் தவறுவதில்லை. ஒரு நகல் செய்து, தாங்கியில் வைத்தாவது சுட்டுப் பார்த்தால் பாதி வாதம் அன்றைக்கே அடங்கிவிடும். இத்தாலியில் கார்தோனே ஊர்க் கொல்லர்கள் எத்தனையோ தேசத்துப் பழைய துவக்குகளுக்கு நகல் செய்கிறார்கள். இலங்கைத் துவக்கின் நகல் ஒன்று என் கண்ணில் இதுவரை படவில்லை.

பிஸ்லிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது லண்டனில் இருக்கும் என் மச்சான். 1890இல் விம்பிள்டனை விட்டு வந்த நாள் முதல் ஆங்கிலேயரின் போட்டி நடக்கிற களம் அது. வாய்வழித் துவக்குக்காரருக்குப் பிரித்தானியாவில் 1952 முதல் தனிச் சங்கமும் இருக்கிறது. மச்சானுக்கு இதில் ஆர்வம் இல்லை, தேநீர்க் கடையில் இருந்துவிட்டார். நான் கயிற்றுக்குப் பின்னால் நின்றேன். தனெகஷிமா வைத்திருந்த ஒரு முதியவரைத்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டிக்கும்போது திரியைத் துவக்கிலிருந்து கழற்றித் தூரத்தில் வைத்தார். மருந்தைக் குடுவையிலிருந்து நேரே கொட்டுவது தடை, ஒவ்வொரு வெடிக்கும் அளந்து அடைத்த சிறு குழாய்கள் வரிசையாக இருந்தன. மருந்து, குண்டு, இடிகோல். கோலை அவர் குத்தவில்லை, ஒரே பாரத்தில் அழுத்தினார், ஒவ்வொரு தரமும் அதே பாரம். கிண்ணியில் ஒரு சிட்டிகை வைத்து மூடினார். திரியை மாட்டி, சாம்பலை ஊதினார். மூடியைத் திறந்தார். அதற்குப் பிறகு அவர் உடம்பில் எதுவும் அசையவில்லை. வெடித்த பின்பும் அசையவில்லை. புகை விலகி, குழல் அதே இடத்தில் நின்றதைக் கண்டேன். தொப்பிக்காரர்களிடம் நான் காணாதது அந்தப் பின்நிலைதான். வெடி கேட்டதும் துவக்கை இறக்கிவிடுகிற கை, வெடிக்கு முன்னரே இறக்கத் தொடங்கிவிடும்.

அந்தக் கைப்பக்குவம் எனக்குப் புதியதல்ல. போருக்கு முந்திய நாள்களில் எங்கள் பெரியப்பா ஒருவர் வாய்வழி கெட்டிக்கும் நாட்டுத் துவக்கான இடியன் வைத்திருந்தார், அனுமதிப்பத்திரத்தோடு. சுண்டிக்குளம் பக்கத்து வேட்டைக் கதைகள் அவரிடம் கனக்க இருந்தன, ஆனால் நான் பார்த்தது அவர் வளவில் சிரட்டையை வேலிக் கதியாலில் கவிழ்த்துவிட்டுச் சுட்டதைத்தான். தேங்காய்த் தும்பை உருட்டி மருந்துக்கு மேல் அடைப்பார். தும்பு எவ்வளவு, கோலின் நுனி குழல்வாய்க்கு வெளியே எத்தனை விரற்கடை நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கணக்கு. கோல் கூடுதலாக நீண்டு நின்றால் எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குவார். பெடியள் நாங்கள் அலுத்துப்போய்ச் சத்தம் போட்டால், ‘பொறுங்கோடா, அவசரக்காரனுக்கு இது சரிவராது’ என்பார்.

இன்றைக்கு இடியன் என்றதும் செய்தித்தாளில் வருவது தண்ணீர்க் குழாயில் செய்த கள்ளத் துவக்கும், காட்டுப்பாதையில் கம்பி கட்டி வைத்த கட்டுத்துவக்கும்தான். யானைக்கும் வைக்கிறார்கள், மனிதரும் காலை இழக்கிறார்கள். அதைக் கைவினை என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெளிநாட்டில் நடக்கிற சீரழிவு வேறு விதம். வாய்வழி கெட்டிக்க வேண்டும் என்ற ஒரேயொரு விதியை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் குண்டு, வில்லையாக அமுக்கிய மாற்று மருந்து, மேலே தூரநோக்கி என்று ஆகிவிட்டது. வேட்டைப் பருவத்தில் சில நாள்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காகச் செய்த பொருள். அனைத்துலகக் குழு அதைத் தன் களத்துக்குள் விடவில்லை, கரிமருந்து மட்டும் என்ற விதியில் உறுதியாக நிற்கிறது. நன்றியோடு சொல்கிறேன்.

எங்கள் ஊரில் துவக்கை ரசிப்பதா என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். வெடிச் சத்தம் கேட்டால் இன்னும் கதவைச் சாத்துகிற வீடுகள் என் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. நான் விரும்புகிற துவக்கு ஒரு வெடிக்கு இரண்டு நிமிடம் எடுக்கிறது, அதன் முன்னால் நிற்பது ஒரு கடதாசி. குடகிலே கைல்பொல்து விழாவில் துவக்குக்குப் பூ வைத்து வணங்கிவிட்டு, மரத்தில் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடுகிறார்கள். ஊரே கூடிப் பார்க்கிறது. ஆயுதம் ஒரு விழாவின் ஒழுங்குக்குள் வந்துவிட்டால் அதன் குணம் மாறிவிடுகிறது என்று நம்புகிறேன்.

2023இல் நெதர்லாந்து, 1765இல் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எடுத்துப்போன ஆறு பொருள்களைத் திருப்பித் தந்தது. பத்திரிகைகள் எல்லாம் லெவ்கேயின் பீரங்கியைப் பற்றியே எழுதின: வெண்கலம், பொன், வெள்ளி, மாணிக்கம். பீரங்கி வடிவுதான், மறுக்கவில்லை. அதே ஆறில் இரண்டு பெரிய மதில் துவக்குகளும் வந்தன. அவற்றின் குழல் நீளம் என்ன, உள்விட்டம் என்ன, பொறி எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுதியவரை நான் காணவில்லை. மீமுறேக் குகையில் வௌவால் எச்சம் கலந்த மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்த விதத்தை ஜோன் டேவி 1821இல் பொறுமையாக எழுதி வைத்தார். அந்த மருந்து எந்தக் குழலுக்குள் போனது என்பதிலும் நமக்கு அதே பொறுமை வேண்டும்.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய வீட்டுப் பரணிலோ நெல்லறையிலோ முப்பாட்டன் காலத்து இடியன் ஒன்று கிடந்தால், தயவுசெய்து சுட்டுப் பார்க்காதீர்கள். கெட்டித்தபடியே தொங்கவிட்ட துவக்குகள் கனக்க உண்டு, நூறு வருட மருந்தும் பற்றும். குழலை நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்காதீர்கள். 1916ஆம் ஆண்டின் துவக்குச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, ஆகவே முதலில் பொலிசுக்கு அறிவித்து முறையான வழியைக் கேளுங்கள். அதற்குப் பிறகு நாவலர் வீதியில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.